மங்கம்மாள் சாலையும் நம்ம பைபாஸும்

மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகிற நால்வழிச்சாலை கோவில்பட்டி ஊருக்குள் நுழையாமல் ஒதுங்கிப் போகிறது. ஆனாலும் ஊருக்குள் லாரி குறைந்தபாடில்லை. பசுவந்தனை ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பைபாஸ் போட்டும் லாரி ஏன் உள்ளே வருது?

சிவில் படிக்கிறவர்களுக்கு இது டிராஃபிக் இன்ஜினியரிங் கேள்வி. ஆனால் இதே தெற்குச் சீமையில், 300 வருஷத்துக்கு முன்னாடியே சாலையால் பேர் வாங்கிய ஒருத்தர் இருக்கிறார். அவர் கதையில் இதற்கான பதிலில் பாதி இருக்கு. அவர்தான் ராணி மங்கம்மாள்.

குழந்தைக்கு மகுடம், பாட்டிக்குப் பாரம்

மங்கம்மாளின் அப்பா லிங்கம நாயக்கர், மதுரை நாயக்கர் படையில் ஒரு தளபதி. மகளை மன்னர் சொக்கநாத நாயக்கர் மணந்தார். 1682-ல் கணவர் இறந்தார். பட்டத்துக்கு வந்த மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பரை 1689-ல் அம்மை நோய் கொண்டுபோனது. அப்போது மருமகள் கர்ப்பிணி. பிள்ளையைப் பெற்ற கொஞ்ச நாளில் அவரும் உயிரை விட்டார். மிஞ்சியது பச்சைக் குழந்தை விஜயரங்க சொக்கநாதர் மட்டும். மூன்று மாதக் குழந்தைக்குப் பட்டம் கட்டிவிட்டு, பேரன் பேரில் பாட்டி ஆளத் தொடங்கினார்.

சுற்றிலும் சிக்கல். வடக்கே முகலாயப் படை, மேற்கே மைசூர், பக்கத்திலேயே தஞ்சை மராட்டியர், தெற்கே கப்பம் கட்டாத திருவிதாங்கூர், கிழக்கே சேதுபதி. எல்லாரோடும் சண்டை போட்டால் கஜானா தாங்காது என்பது மங்கம்மாளுக்குப் புரிந்திருந்தது. முகலாயருக்குக் கப்பம் கட்டி நாட்டைக் காப்பாற்றிக்கொண்டார். திருவிதாங்கூருக்குத் தளவாய் நரசப்பையாவை அனுப்பி, நின்றுபோன கப்பத்தை வாங்கினார்.

ஒரு சம்பவம் நம்ம ஆட்களுக்குப் பிடிக்கும். மைசூரை ஆண்ட சிக்கதேவராயர் காவிரிக்குக் குறுக்கே அணை கட்ட, கீழே தண்ணி வரத்து நின்றது. அதுவரை தஞ்சையோடு மோதிக்கொண்டிருந்த மங்கம்மாள், அதே தஞ்சையோடு சேர்ந்து மைசூர் மேல் படையெடுக்கத் தயாரானார். ஆனால் சண்டைக்கு முன்னாலேயே பெருமழை பெய்து, வெள்ளம் அணையை உடைத்துவிட்டது!

எல்லாம் ஜெயமில்லை. 1702-ல் ராமநாதபுரத்து கிழவன் சேதுபதியோடு நடந்த போரில் தோல்வி. தளவாய் நரசப்பையாவும் அதில் இறந்துபோனார்.

சாலை, மரம், கிணறு, சத்திரம்

அப்போது தலைநகரம் திருச்சி. அங்கிருந்து குமரிமுனை 350 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் நம்ம கரிசல் காடு. கரிசல் மண்ணைப் பற்றி சாயில் மெக்கானிக்ஸ் வகுப்பில் படித்திருப்பீர்கள். மான்ட்மோரில்லோனைட் அதிகம். தண்ணி பட்டால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். மழைக்காலத்தில் பார வண்டியின் சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிவிடும். இப்படிப்பட்ட சீமையில் நல்ல சாலை இருந்தால்தான் வியாபாரியின் பொதி சந்தைக்குப் போகும், யாத்திரைக்காரர் ஊர் போய்ச் சேருவார், ஓலை திருச்சிக்குப் போகும்.

மங்கம்மாளின் பெயர் நின்றது இங்கேதான். சாலை மட்டும் போடவில்லை. ஓரத்தில் நிழல் மரம், நடுநடுவே கிணறு, குளம், தங்கிப்போகச் சத்திரம் எல்லாம் சேர்த்தே அமைத்தார். மதுரை ஜங்ஷனுக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்றும் இருக்கிறது. தென்காசியில் ஒரு சாலைக்கே அவர் பெயர். பிற்காலத்தில் பாண்டிச் சீமையில் பழைய மரச்சாலை எதைப் பார்த்தாலும் ஜனங்கள் மங்கம்மாள் சாலை என்று சொல்லிவிட்டார்கள். அத்தனையும் அவர் போட்டதாக இருக்க முடியாது. ஆனால் அப்படிப் பேர் வாங்க எவ்வளவு பேர் அந்த நிழலில் நடந்திருக்கணும், யோசிச்சுப் பாருங்க.

இதற்கு ஒரு கதையும் உண்டு. ஒருநாள் மறதியாக இடது கையால் வெற்றிலை போட்டுக்கொண்டாராம். அது பாவம் என்று கலங்கி, பரிகாரமாகச் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தாராம். கதை நிஜமோ இல்லையோ, நடந்த வேலை நிஜம்.

1706 வாக்கில் அவர் காலம் முடிந்தது. முடிவு பற்றிய கதை கொடூரமானது. பேரன் வளர்ந்ததும், அதிகாரத்தை விடவில்லை என்று பாட்டியைச் சிறையில் அடைத்தார்களாம். சோற்றைக் கண்ணில் படுகிற மாதிரி, கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துப் பட்டினி போட்டே கொன்றார்களாம். வழிப்போக்கருக்கு நிழலும் தங்க இடமும் கொடுத்தவருக்கு இப்படி ஒரு சாவு.

சரி, நம்ம பைபாஸ்?

பைபாஸ் தேவையா என்றால், கண்டிப்பாகத் தேவை. அச்சுப் பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு ஆகிற சேதம் கிட்டத்தட்ட 16 மடங்கு. கரிசல் மேல் போட்ட ஊர்த் தெரு அதைத் தாங்காது. ஆனால் பைபாஸ், ஊரைத் தாண்டிப் போகிற வண்டியை மட்டும்தான் வெளியே தள்ளும். தீப்பெட்டி ஏற்றவும், பருத்தி, உளுந்து, மக்காச்சோளம் இறக்கவும் வருகிற லாரிக்குக் கோவில்பட்டிதான் போகிற ஊரே. பசுவந்தனைப் பக்கமிருந்து வருகிற சரக்கு வண்டிக்கு, மதுரை–நெல்லை பைபாஸால் என்ன பிரயோஜனம்? அந்த லாரிகளைக் குறைக்கணும்னா ஊருக்கு வெளியே சரக்கு மாற்றும் இடம் வேணும், ஊருக்குள் வர நேரக் கட்டுப்பாடு வேணும், கிழக்குச் சாலைகளை ஊரைத் தொடாமல் இணைக்கிற சுற்றுச்சாலை வேணும்.

இன்னொன்று. ஊரைத் தாண்டிப் போகிற லாரியின் டிரைவரும் மனுஷன்தான். அவருக்குச் சாப்பாடு, குளியல், தூக்கம் வேணும். பைபாஸில் அதற்கு இடம் இல்லைன்னா ஒன்று ஊருக்குள் வருவார், இல்லை ரோட்டோரம் நிறுத்திவிட்டுத் தூங்குவார். ராத்திரி இருட்டில் நிற்கிற லாரியின் பின்னால் மோதிச் சாகிற பைக்காரர்களில் நம்ம வயசுப் பசங்க எத்தனை பேர்! மங்கம்மாள் காலத்தில் சத்திரமும் சாலையின் ஒரு பகுதி. நாம் எஸ்டிமேட்டில் அதைத்தான் முதலில் வெட்டுகிறோம். நால்வழிச்சாலை அகலமானபோது பழைய ரோட்டோர மரங்களும் போயாச்சு.

மினி புராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிற சிவில் நண்பர்களே, ஒரு யோசனை. பசுவந்தனை ரோடு, எட்டயபுரம் ரோடு, மெயின் ரோடு மூன்றிலும் ஒரு நாள் நின்று லாரிகளை எண்ணுங்கள். எங்கேயிருந்து வருகிறார், எங்கே போகிறார் என்று டிரைவரிடம் கேட்பது வழக்கமான சர்வே. அதோடு மூன்றாவதாக ஒரு கேள்வியும் சேர்த்துக்கோங்க: அண்ணே, இன்னைக்கு ராத்திரி எங்கே தூங்குவீங்க?