பட்டும் வைரமும் பாட்டும்: எம்.கே. தியாகராஜ பாகவதர்

தமிழ்நாட்டில் ஆடவர் ஒருவரின் சிகையலங்காரம் அவருடைய பெயராலேயே வழங்கப்பட்டு, அவர் மறைந்து பல பத்தாண்டுகள் கடந்த பின்னரும் பேச்சுவழக்கில் நிலைத்திருப்பது அரிது. பாகவதர் கிராப்பு என்ற தொடர் அத்தகைய பேறு பெற்றது. அவர் நடித்த படங்களில் ஒன்றையும் பார்த்திராதவர்கள்கூடத் தோள் வரை தலைமுடி வளர்த்த இளைஞனைக் கண்டால் அந்தத் தொடரைச் சொல்லிவிடுவர். ஒரு கலைஞனின் கோலம் அவனுடைய கலையினின்று பிரிந்து தனியே வாழத் தொடங்கினால் கலைஞனுக்கு என்ன நேரும் என்ற வினாவுக்கு, மாயவரம் கிருஷ்ணமூர்த்தி தியாகராஜ பாகவதரின் வாழ்க்கையே விடையாக அமைந்துள்ளது.

1910ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். குடும்பம் திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்தது. பிறர் அணிவதற்காக நகை செய்யும் கைகளுக்கிடையே வளர்ந்த சிறுவனுக்குப் பள்ளிப் படிப்பில் நாட்டம் இல்லை. பாட்டே உயிராக இருந்தது. இரயில்வே அதிகாரியும் திருச்சி ரசிக ரஞ்சன சபையை நிறுவியவருமான எஃப்.ஜி. நடேச ஐயர் அக்குரலின் அருமையை உணர்ந்து, அரிச்சந்திரன் நாடகத்தில் உலோகிதாசனாக அவரை மேடையேற்றினார். ஆலத்தூர் வேங்கடேச ஐயரிடமும் மதுரை பொன்னு ஐயங்காரிடமும் அவர் முறையாக இசை பயின்றார். அரங்கேற்றத்தில் பக்கவாத்தியம் வாசித்த புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையே அவருக்குப் பாகவதர் என்ற பட்டத்தைச் சூட்டினார் என்பர். உலைக்களத்தின் அருகே வளர்ந்த பிள்ளைக்கு இசையுலகம் அளித்த முதல் அணிகலன் அந்தச் சொல்லே ஆகும்.

அக்காலத் தமிழ் நாடக மேடையில் ஒலிபெருக்கி இல்லை. கடைசி வரிசையில் பாயில் அமர்ந்திருப்பவனுக்கும் கேட்கும்படி மேல் ஸ்தாயியில் பாட வல்லவனே நாயகன். அவ்வகையில் ஈடிணையற்று விளங்கிய எஸ்.ஜி. கிட்டப்பா 1933ஆம் ஆண்டின் இறுதியில் இளமையிலேயே மறைந்தார். அடுத்த ஆண்டு, கே. சுப்பிரமணியம் இயக்கிய பவளக்கொடி திரைப்படத்தில் அருச்சுனனாகத் தோன்றினார் பாகவதர். மேடையில் புகழ் பெற்ற அந்த இணையே, அதாவது பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியுமே, திரையிலும் வந்தனர். ஏறத்தாழ ஐம்பது பாடல்கள் கொண்ட அப்படத்தைக் கதைக்காகப் பார்க்கச் சென்றவர் எவருமிலர். கதை எல்லோருக்கும் முன்னரே தெரிந்தது.

திரைப்படத்தோடு அவருடைய கோலமும் ஊர் ஊராகப் பரவியது. அன்றைய தமிழ் ஆடவர் தலை இருவகைப்பட்டது. ஒன்று, முன்னோர் வழிவந்த குடுமி. மற்றொன்று, ஆங்கிலக் கல்வியோடும் அலுவலகத்தோடும் வந்த கிராப்பு. முன்னதை விட்டால் மரபை விட்டதாக மூத்தோர் வருந்தினர். பின்னதை மேற்கொள்ளாவிட்டால் பட்டிக்காடு என இளையோர் நகைத்தனர். பின்னுக்கு வாரித் தோளில் புரளவிட்ட பாகவதரின் கூந்தல் இவ்விரண்டிலும் சேராதது. கூத்திலும் நாடகத்திலும் அரசர்களும் தேவர்களும் தாங்கிய முடியை அவர் ஒப்பனை அறையில் கழற்றி வைக்காமல் தெருவுக்குக் கொண்டுவந்தார். வெள்ளையனைப் போலவும் ஆகாமல், பாட்டனைப் போலவும் இராமல், அழகாகத் தோன்ற ஒரு வழி உண்டு என்பதை இளைஞர் அவர் தலையில் கண்டனர்.

உடையும் அவ்வாறே அமைந்தது. பட்டு ஜிப்பா, சரிகை அங்கவஸ்திரம், காதுகளில் வைரக் கடுக்கன், விரல்களில் மோதிரங்கள், நெற்றியில் பொட்டு, அருகில் வருவோரை எட்டும் ஜவ்வாதின் மணம் ஆகியவற்றோடு அவர் கச்சேரி மேடையில் அமர்வார். கறுப்பு வெள்ளைப் படத்திற்குப் பட்டின் நிறம் தெரியாது. வைரத்தின் ஒளியை மட்டுமே அது காட்ட இயலும். ஆதலின் திரையில் கண்டவர்கள் மிச்சத்தை நேரில் காண விரும்பினர். அவருடைய கச்சேரிகளுக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்த கூட்டம் காதுக்காக மட்டும் வந்ததன்று, கண்ணுக்காகவும் வந்தது. அவர் தங்கத் தட்டில் உணவு உண்பார் என்ற கதை வீடுதோறும் வழங்கியது. வறுமையும் போரும் நிறைந்திருந்த ஆண்டுகளில், தம்மைப் போன்ற எளிய குடியில் பிறந்த ஒருவன் அரசனைப் போல வாழ்கிறான் என்பது மக்களுக்கு ஒரு நிறைவைத் தந்திருக்க வேண்டும்.

1937இல் ஒய்.வி. ராவ் இயக்கிய சிந்தாமணி ஓராண்டுக்கும் மேலாக ஓடியது. அதே ஆண்டில் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய அம்பிகாபதி வெளிவந்தது. 1939இல் திருநீலகண்டர், 1941இல் அசோக்குமார், 1943இல் சிவகவி எனப் படங்கள் தொடர்ந்தன. பாபநாசம் சிவனின் சொல்லும், ஜி. ராமநாதனின் இசையும், பாகவதரின் குரலும் இணைந்தபோது, கர்நாடக இசையின் இராகங்கள் சபாக்களின் வாயிலைத் தாண்டி வயல்வரப்புக்கும் மாட்டுவண்டிக்கும் சென்றன. இராகத்தின் பெயரறியாதவனும் அதன் வடிவத்தைப் பிசகின்றிப் பாடினான். அவருடைய பட்டையும் வைரத்தையும் நினைவுகூர்வோர் பலர் மறந்துவிடும் பெருஞ்செயல் இதுவே ஆகும்.

1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளியான ஹரிதாஸ், சென்னை பிராட்வே திரையரங்கில் அடுத்த இரண்டு தீபாவளிகளையும் கண்டது. அழகிலும் செல்வத்திலும் மயங்கித் திரியும் இளைஞன் ஒருவன், பெற்றோரைப் புறக்கணித்து, பின்னர் கால்களை இழந்து, செருக்கழிந்து பணிவு கற்பதே அப்படத்தின் கதை. குதிரை மீது உலாவரும் நாயகனின் கோலத்தை முதற்பாதியில் கண்டு களித்த மக்கள், அக்கோலம் உதிர்வதையும் பிற்பாதியில் கண்ணீரோடு கண்டனர். படம் வெளியாகி ஒரு மாதம் நிறைவதற்குள் வேறொரு கதை தொடங்கியது.

திரையுலகினரின் அந்தரங்கங்களை அச்சிட்டு வந்த இந்து நேசன் இதழின் ஆசிரியர் லட்சுமிகாந்தன், 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். அவ்வழக்கில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டு, 1945 மே மாதத்தில் ஆயுள் தண்டனை பெற்றனர். உயர் நீதிமன்ற மேல்முறையீடு தோற்று, வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று மீண்டும் சென்னைக்கு வந்தது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டனர். இடைப்பட்ட காலத்தில் ஹரிதாஸ் ஓடிக்கொண்டே இருந்தது. திரையில் அவர் குதிரையில் வந்தார். வெளியே அவர் சிறையில் இருந்தார். அவருக்காகத் திட்டமிடப்பட்ட ஸ்ரீமுருகன் படத்தில் ஹொன்னப்ப பாகவதர் நடித்தார். கோலம் காத்திருக்கவில்லை, வேறொருவர் மீது ஏறிக்கொண்டது.

விடுதலையான பாகவதரின் குரலில் பெருங்குறை எதுவும் இல்லை. மாறியிருந்தது காலமே. பின்னணிப் பாடல் முறை வேரூன்றியதால், நடிப்பவன் பாட வேண்டும் என்ற நிபந்தனை நீங்கியது. பாட்டின் இடத்தை வசனம் பிடித்தது. அவர் சொந்தமாகத் தயாரித்த ராஜமுக்தி 1948இல் தோல்வியுற்றது. 1952இல் அமரகவி, சியாமளா ஆகிய இரு படங்களில் அவர் தோன்றினார். அதே ஆண்டில்தான் பராசக்தி வெளிவந்து தமிழ்த் திரையின் பேச்சையும் தோற்றத்தையும் மாற்றியது. கத்தரித்த முடியும் முழுக்கைச் சட்டையுமாக நின்று வழக்காடும் புதிய நாயகன் முன்னே, தோளில் புரளும் கூந்தல் பழைய காலத்தின் அடையாளமாகிவிட்டது. உடன் சிறைப்பட்ட கிருஷ்ணன், காலத்தோடு பேசும் நகைச்சுவையால் மீண்டும் தழைத்தார். பாகவதரோ தம் கோலத்தைக் கைவிடவில்லை. அது பிடிவாதமா, அல்லது அதுவே அவருடைய இயல்பாகிவிட்டிருந்ததா என்று பிரித்துரைப்பது எளிதன்று.

வாய்ப்பும் செல்வமும் குறைந்தன. நீரிழிவு நோய் உடலை அரித்தது. இறுதிக் காலத்தில் கண்பார்வையும் மங்கியது. அசோக்குமார் படத்தில் கண்களை இழந்த குணாளனாக அவர் நடித்ததை அறிந்தவர்கள் அச்செய்தியைக் கேட்டு உருகினர். கதையில் குணாளன் பார்வையை மீண்டும் பெற்றான். பாகவதர் 1959ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார். வயது 49. நடித்த படங்கள் பதினான்கு; இறுதிப் படமான சிவகாமி அவர் மறைவுக்குப் பின் 1960இல் வெளிவந்தது. 2023இல் திருச்சியில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது.

அவரைப் பின்பற்றியோர் இருவகையினர். முடி வளர்த்து, ஜிப்பா அணிந்து, ஜவ்வாது பூசியவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களில் ஒருவர் பெயரும் எஞ்சவில்லை. மற்றொரு வகையினர் அவருடைய குரலைப் பின்தொடர்ந்தனர். டி.எம். சௌந்தரராஜன் 1950இல் கிருஷ்ண விஜயம் படத்தில் பாகவதரின் பாணியை அப்படியே ஏற்றுப் பாடத் தொடங்கி, பிறகு தமக்கென ஒரு குரல்நெறி கண்டு, ஒரு தலைமுறையின் பாட்டாக நின்றார்.

யாப்பும் அணியும் பயில்வோர் எண்ணிப் பார்க்க வேண்டியது இது. பாகவதரின் பட்டும் வைரமும் அவருடைய பாட்டின் மீது போர்த்தியவை அல்ல. மூன்று ஸ்தாயியிலும் தடையின்றி உலவிய ஒரு குரல் தனக்கேற்ற உடையைத் தானே தேடிக்கொண்டது. குரல் உள்ளவரை அவை ஒளி வீசின. பிறர் மீது ஏறியபோது வெறும் துணியாகவும் கல்லாகவும் நின்றன. பாகவதர் கிராப்பு இன்று வழக்குச் சொல்லாக மட்டுமே வாழ்கிறது. இசைத்தட்டில் பதிந்த குரலோ, கூந்தலையும் கடுக்கனையும் காணாத செவிகளையும் இன்றளவும் நிறுத்திக் கேட்க வைக்கிறது.