கிந்தனாரின் மூலதனம்

கல்வியும் ஒரு மூலதனமே என்று வகுப்பில் விளக்க, 1961இல் வெளியான தியோடர் ஷூல்ட்ஸின் கட்டுரையை மேற்கோள் காட்டுவேன். அதற்கு 12 ஆண்டுகள் முன்பே அதைத் தமிழ்த் திரையில் பாடியவர், 1908இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்.

வறுமையால் தொடக்கப் பள்ளியோடு படிப்பை இழந்தவர்; நாடகக் கொட்டகையில் சோடா விற்று, பின்னர் மேடையேறியவர். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைப்பட்டு, 1947இல் விடுதலையானார். 1949இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் அவர் நிகழ்த்திய ‘கிந்தனார்’ காலட்சேபம், கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தைப் புதுத் திசையில் திருப்பியது. நந்தன் தில்லைக்கு ஏங்கினான். ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவன் கிந்தனோ கல்விக்கு ஏங்கினான்.

ஈட்டியதை வாரி வழங்கிய கலைவாணர், 1957இல் 48 வயதில் மறைந்தார். வறுமையால் பள்ளியை விட்டு விலகும் பிள்ளை ஒருவர் இருக்கும்வரை, கிந்தனாரை வெறும் நகைச்சுவையாகக் கேட்க என்னால் இயலாது.