எஞ்சினீயர் ஜேம்ஸ் வாட்

கொதிக்கும் கெட்டிலின் மூடி துள்ளக் கண்டு நீராவியின் ஆற்றலை உணர்ந்த சிறுவனாகவே ஜேம்ஸ் வாட் நம்மிற் பலருக்கு அறிமுகமானவர். அவர் பிறப்பதற்கு முன்னரே, 1712-ஆம் ஆண்டு முதல், நியூகோமன் என்பார் அமைத்த நீராவிப் பொறிகள் இங்கிலாந்தின் சுரங்கங்களில் நீரிறைத்து வந்தன. ஆகவே கெட்டிற் கதையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு, அப்பெரியார் முப்பதாம் வயது தொடங்கி நாற்பது வயதுவரை பட்ட பாட்டையே ஈண்டு எழுதப் புகுந்தோம். பட்டம் பெற்றபின் மனம் விழையும் துறையை நாடுவதா, கைந்நிறையப் பொருள் தரும் துறையை நாடுவதா என்று விடுதி அறைகளில் நள்ளிரவுவரை வழக்கிடும் நம் மாணவர்க்கு அப்பகுதியே ஏற்றது. தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் சேர்ந்த நாளிலிருந்து இக்கேள்வியை உறவினர் வாயிலாக நாமும் கேட்டு வருகிறோம்.

வாட் 1736-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 19-ஆம் நாள் ஸ்காத்லாந்தில் கிரீனக் என்னும் துறைமுகப்பட்டினத்திற் பிறந்தார். தந்தையார் கப்பல் தச்சரும் வணிகருமாவார். பத்தொன்பது வயதில் இலண்டன் சென்று, ஏழாண்டிற் கற்கவேண்டிய நுண்கருவித் தொழிலை ஓராண்டிற் கற்றார். உடல் நலிந்து ஊர் மீண்டார். முறைப்படி ஏழாண்டு பயிலாதவர் நகரிற் கடை வைத்தல் எளிதன்று. 1757-இல் கிளாஸ்கோப் பல்கலைக் கழகத்தார் தம் கட்டடத்துள் ஓர் அறையளித்து அவரை ஆதரித்தனர். ஆங்கு ஜோசப் பிளாக் என்னும் பேராசிரியரின் நட்பும் அவருக்கு வாய்த்தது.

1763-ஆம் ஆண்டு மாரிக்காலத்தில், வகுப்பிற் காட்டும் நியூகோமன் பொறியின் சிறு மாதிரி ஒன்று பழுதுபார்ப்பதற்காக அவர் கைக்கு வந்தது. அப்பொறியில் நீராவி உருளையினுட் புகும். பின்னர்த் தண்ணீர் தெளித்து அந்நீராவியைக் குளிர்விப்பர். உள்ளே வெற்றிடமாகவே, வெளிக்காற்று ஆடுதண்டை அழுத்தும். ஒவ்வொரு முறையும் உருளை குளிர்ந்து மீண்டும் சூடேறவேண்டியதால் எரிபொருளிற் பெரும்பகுதி வீணாயிற்று. 1765-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளாஸ்கோவின் புல்வெளியில் உலவுங்கால் அவருக்கு வழி தோன்றியது. நீராவியை உருளையினின்றும் வேறொரு கலத்துக்கு ஈர்த்து ஆங்கே குளிர்வித்தால், உருளை எப்பொழுதும் சூடாகவே இருக்குமன்றோ? எண்ணம் ஒரு நடையில் முடிந்தது. அதனை இரும்பிற் செய்துகாட்டப் பத்தாண்டு பிடித்தது.

அப்பத்தாண்டின் இடர் பொருளே. 1764-இல் மார்கரெட் மில்லர் என்னும் அம்மையாரை அவர் மணந்திருந்தார், அடுத்த ஆண்டு வணிகக் கூட்டாளி இறந்தார், கடனோ வளர்ந்தது. ஜான் ரோபக் என்னும் தொழில் முதல்வர் 1000 பவுன் கடனைத் தாம் ஏற்றுக்கொண்டு, அதற்கீடாகக் கண்டுபிடிப்பில் மூன்றில் இரு பங்கைப் பெற்றார். 1769 ஜனவரியில் அரசாங்க உரிமைப் பத்திரம் கிடைத்தது. அதற்கு ஆயுள் பதினான்கே ஆண்டு.

அவ்வமயம் வாட் செய்துகொண்டிருந்த வேலையோ கால்வாய்க்கு நிலமளத்தல். மங்க்லந்துச் சுரங்கங்களின் நிலக்கரியைக் கிளாஸ்கோவுக்குக் கொணரும் கால்வாயை அளந்து வெட்டுவிக்க ஆண்டுக்கு 200 பவுன் ஊதியம் பேசப்பட்டது. மழையிலும் சேற்றிலும் நின்று, கூலியாட்களோடும் ஒப்பந்தக்காரரோடும் மன்றாடும் அவ்வேலை, தலைவலியால் ஓயாது வருந்தியவரும் கூச்சமுடையவருமான வாட்டுக்குச் சிறிதும் ஒவ்வாதது. எனினும் அதை நேர்மையாகவே செய்தார். கின்னீல் என்னுமிடத்தில் ரோபக்கின் மாளிகைக்கருகே அரைகுறையாய் நிறுத்திய பொறி தன் செம்மையற்ற உருளையோடு சும்மா கிடந்தது. பத்திரத்தின் ஆண்டுகள் ஒவ்வொன்றாய்க் கழிந்தன.

இவ்வாண்டுகளை வீணென்று கூறி வாட்டைக் குறைசொல்வாரும் உளர். நாம் அங்ஙனம் கருதவில்லை. மனைவி மக்களைப் பசியில் வைத்து நடத்தும் ஆராய்ச்சி எவ்வகையிற் சிறந்ததாகும்? ஆயின் ஊதியமும் இலவசமாக வரவில்லை என்பதை மறைத்தலாகாது. அதன் விலை அவருடைய சிறந்த ஆண்டுகள். மார்கரெட் அம்மையார் இதனை நன்குணர்ந்தவர். கணவர் மனஞ்சோர்ந்தபொழுதெல்லாம், இப்பொறி பலிக்காவிடின் வேறொன்று பலிக்குமென்று தேற்றி எழுதினார்.

1773-ஆம் ஆண்டு இரு இடிகள் விழுந்தன. ரோபக் பொருளிழந்து நொடித்தார். செப்டம்பரில் வாட் வடபுலத்து மலைநாட்டிற் புதியதொரு கால்வாய்க்கு வழி அளந்துகொண்டிருக்க, வீட்டில் மார்கரெட் அம்மையார் பிள்ளைப்பேற்றில் உயிர்நீத்தார். தாயற்ற குழந்தைகள் இருவரோடு வாட் தனித்தார். ரோபக்கின் பங்கு, அவர் பட்ட கடனுக்கீடாக, பர்மிங்காமை அடுத்த சோஹோவில் பெரிய தொழிற்சாலை நடத்திய மாத்தியூ போல்டனிடம் சென்றது. 1774-இல் வாட் அங்கே குடிபெயர்ந்தார்.

அடுத்த ஆண்டே பெருஞ்சோதனை வந்தது. இரஷ்ய அரசாங்கத்தார் ஆண்டுக்கு 1000 பவுன் ஊதியத்தில் அவரை அழைத்தனர். கால்வாய் வேலையைப்போல் ஐம்மடங்கு! கடனையும் குழந்தைகளையும் எண்ணின் மறுத்தற்கரிய அழைப்பே. வாட் மறுத்துவிட்டார். இதனை விருப்பத்தின் வெற்றி என்றுமட்டும் எழுதுதல் பொருந்தாது. அவ்வாண்டு பார்லிமெண்டு உரிமைப் பத்திரத்தை 1800-வரை நீட்டித்தது. ஜான் வில்கின்சன் பீரங்கி குடைவதற்கென அமைத்த கருவியால் செம்மையான உருளைகளும் கிடைக்கலாயின. செலவனைத்தும் தமதென்றும், இலாபம் வரும்வரை வாட்டின் பிழைப்புக்கும் தாமே பொறுப்பென்றும் போல்டன் ஏற்றுக்கொண்டார். விரும்பிய தொழிலுக்கு அடியில் ஒரு தளம் போடப்பட்டது. அதன் பின்னரே வாட் துணிந்து நின்றார். போல்டனைப் போன்ற ஒருவர் எல்லார்க்கும் வாய்ப்பதில்லையே என்பது நம் கவலை.

1776-இல் முதற் பொறிகள் இயங்கின. நிலக்கரி கிட்டாத கார்ன்வால் சுரங்கங்களில், பழைய பொறியினும் மிச்சமாகும் எரிபொருளின் விலையில் மூன்றிலொரு பங்கே கட்டணமாகப் பெற்றனர். பேரம் பேசுதலை வாட் நஞ்சென வெறுத்தார். ஆயினும் அப்பேரத்தையும் கணக்கையும் கார்ன்வாலிற் பல மாதங்கள் அவரே தங்கி நடத்த நேர்ந்தது. பல்லாண்டு கழித்தே செல்வம் சேர்ந்தது.

செல்வம் சேர்ந்தபின் அவர் செய்தவை யாவும் போற்றத்தக்கன அல்ல. ஹார்ன்புளோவர் முதலியோர் புதுப்பொறி செய்ய முற்பட்டபொழுது பத்திரத்தைக் காட்டித் தடுத்தார். உயரழுத்த நீராவியையும் எதிர்த்தார். கூட்டாளி இறக்கக் கடனில் ஆழ்ந்திருந்த பழைய வாட் இத்தடையால் எத்தனை இன்னல் உற்றிருப்பார் என்று எண்ணாதிருக்க இயலவில்லை.

1800-இல் பத்திரம் முடிய, அவரும் தொழிலினின்று விலகினார். பொருளுக்காக ஒரு திருகாணியும் செய்யவேண்டாத நிலையில், ஹீத்பீல்டு இல்லத்து மச்சறையிற் கடைசல் இயந்திரத்தை நிறுத்திச் சிலைகளைப் படியெடுக்கும் கருவி ஒன்றைப் பல்லாண்டு செப்பஞ்செய்தார். அதில் உருவான சிலைகளை, எண்பத்து மூன்றாம் வயதிற் புகும் இளங்கலைஞன் ஒருவனின் கைவேலை என்று நகையாடி நண்பர்க்கு வழங்கினார். 1819-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25-ஆம் நாள் அவ்வில்லத்திலேயே காலமானார். கருவிகள் கிடந்தபடியே அவ்வறை நெடுங்காலம் மூடிக்கிடந்தது. 1924-இல் அவ்வறை முழுவதையும் பெயர்த்துக்கொண்டுபோய் இலண்டன் அறிவியற் காட்சிச்சாலையில் வைத்தனர்.