வலிப்போடு வாழ்ந்த மேதை

மதுரையில் சித்திரைத் திருவிழா. வைகைக் கரையில் மக்கள் வெள்ளம். அந்தக் கூட்டத்தில் ஒருவர் திடீரென்று கீழே விழுகிறார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கின்றன. வாயில் நுரை தள்ளுகிறது.

சுற்றி நிற்பவர்கள் சாவிக்கொத்தைத் தேடுகிறார்கள். இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்பது நம் ஊர் நம்பிக்கை.

இரும்பினால் வலிப்பு நிற்காது. நிற்குமானால், ஒரு மனிதருக்கு அது கட்டாயம் நின்றிருக்க வேண்டும். நான்கு ஆண்டுகள் இரவும் பகலும் அவர் காலில் இரும்பு விலங்கு கிடந்தது. அந்தக் காலத்தில்தான் அவருக்கு வலிப்பு முற்றியது!

அவர்தான் ருஷிய நாவலாசிரியர் தஸ்தயெவ்ஸ்கி. அவருடைய ‘குற்றமும் தண்டனையும்’, ‘அசடன்’ ஆகிய நாவல்களை, மதுரை பாத்திமா கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியையாக இருந்த எம்.ஏ.சுசீலா தமிழில் தந்திருக்கிறார்.

டாக்டர் மகன்

தஸ்தயெவ்ஸ்கி 1821-ல் மாஸ்கோவில் பிறந்தார். தந்தை, ஏழைகள் ஆஸ்பத்திரியில் டாக்டர்.

1846-ல் முதல் நாவல் வெளிவந்தது. நல்ல பெயர் கிடைத்தது. அந்த நாட்களிலேயே அவருக்குத் தலைசுற்றலும் மயக்கமும் வந்தன. நரம்புத் தளர்ச்சி என்று எண்ணிக்கொண்டார்.

1849-ல், ஜார் மன்னரின் ஆட்சிக்கு எதிரான குழுவில் சேர்ந்ததாகக் கைது செய்யப்பட்டார். மரண தண்டனை! சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள். கடைசி நிமிடத்தில், மன்னர் உயிர்ப்பிச்சை அளித்ததாகச் செய்தி வந்தது. அவரைச் சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே நான்கு ஆண்டுகள் விலங்கோடு கடும் உழைப்பு.

1850-ல் சிறையில் அவருக்கு முழு வலிப்பு வந்தது.

1857-ல் திருமணம் ஆயிற்று. புது மனைவியோடு ஊர் திரும்பும் வழியிலேயே பெரிய வலிப்பு. இது காக்காய் வலிப்புதான் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். மனைவி நடுங்கிப் போனார்.

ஒரே நோய், பல முகங்கள்

அந்த நோய் ஒரே மாதிரி இருக்கவில்லை. முதலில் மயக்கம். பிறகு அலறலோடு கூடிய முழு வலிப்பு. சில வேளைகளில், விழுவதற்குச் சில விநாடிகள் முன்னால் சொல்ல முடியாத பேரின்பம்! அந்த அனுபவத்தை ‘அசடன்’ கதாநாயகனுக்கே கொடுத்தார்.

பிற்காலத்தில் வலிப்பு பெரும்பாலும் தூக்கத்தில் வந்தது. முன்பு, வலிப்புக்குப் பிறகு மனச்சோர்வு மூன்று நாள் இருக்கும். பின்னர் அது ஒரு வாரமாக நீண்டது. ஞாபகமும் தடுமாறியது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு நோட்டில் குறித்து வைத்தார். வலிப்பு வந்த தேதி, நேரம், அன்றைய வானிலை எல்லாம் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட வலிப்புகள் அந்தக் கணக்கில் ஏறின.

மறைக்காத மணமகன்

முதல் மனைவி இறந்துவிட்டார். 1866-ல் ஒரு நாவலை அவசரமாக முடிக்க வேண்டியிருந்தது. சுருக்கெழுத்து எழுத அன்னா என்ற 20 வயதுப் பெண் வந்தார். முதல் சந்திப்பிலேயே தமக்கு வலிப்பு உண்டு என்று அவரிடம் சொல்லிவிட்டார் தஸ்தயெவ்ஸ்கி. 26 நாளில் நாவல் முடிந்தது. 1867-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது.

திருமணமான சில நாட்களில், விருந்துக்குப் போன வீட்டில் அவர் அலறி விழுந்தார். மற்றவர்கள் பயந்து விலகினார்கள். அன்னா விலகவில்லை. கணவரின் தலையைத் தம் மடியில் தாங்கிக்கொண்டார். கடைசி வரையிலும் அப்படியே தாங்கினார்.

பிள்ளைச் சோகம்

1878-ல் பேரிடி விழுந்தது. மூன்று வயது நிரம்பாத மகன் அல்யோஷாவுக்கு வலிப்பு வந்தது. மணிக்கணக்கில் நிற்கவில்லை. குழந்தை இறந்துபோயிற்று. தம் நோய்தான் பிள்ளையைக் கொன்றது என்று தகப்பன் மனம் உடைந்தது.

ஆனால் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அடுத்த நாவலான ‘கரமசோவ் சகோதரர்கள்’ கதையின் நாயகனுக்கு அல்யோஷா என்றே பெயர் வைத்தார். 1881-ல், 59-வது வயதில் இறந்தார். உயிரைக் கொண்டுபோனது வலிப்பு அல்ல. நுரையீரலில் ஏற்பட்ட ரத்தக் கசிவு.

இன்று நிலைமை வேறு

அல்யோஷாவைக் காப்பாற்ற அன்று மருந்து இல்லை. 1912-ல் பினோபார்பிட்டால் வந்தது. 1938-ல் பெனிட்டாயின் வந்தது. பிறகு இன்னும் பல வந்தன. தக்க சிகிச்சை கிடைத்தால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் நரம்பியல் பிரிவு இருக்கிறது.

வலிப்பு உள்ளவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்த நோய் வருவதில்லை. திருமணத்தை ரத்து செய்யும் காரணங்களில் ஒன்றாக வலிப்பு நோய் இந்து திருமணச் சட்டத்தில் இருந்தது. 1999-ல் அதையும் நீக்கிவிட்டார்கள்.

யாருக்காவது வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். அமுக்கிப் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வலிப்பின் தன்மை மாறினால் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தையும் மாற்ற வேண்டியிருக்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எந்த நாள், எந்த நேரம், எப்படி வந்தது, எத்தனை நிமிடம் இருந்தது? டாக்டர் இவற்றைத்தான் கேட்பார். வலிப்பு உள்ள வீட்டில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். சாவிக்கொத்து கதவைத் திறக்க மட்டும் போதும்.