கறுப்பு அங்கிக்குக் காத்திருந்த கார்னீலியா

நம் களக்காட்டு வட்டாரத்தில் சிங்கம்பட்டி ஜமீனை அறியாதவர் இல்லை. வாரிசு சிறுவராக இருந்தால் அத்தகைய ஜமீன்களை ஆங்கிலேய அரசின் ‘கோர்ட் ஆப் வார்ட்ஸ்’ என்னும் இலாகா ஏற்று நடத்தும். சொத்து வழக்குகளையும் அதுவே கவனிக்கும். வங்காளத்தில் அந்த இலாகாவின் சட்ட ஆலோசகராக 1904-ல் அமர்ந்தவர் ஒரு பெண்மணி!

அவரே கார்னீலியா சொராப்ஜி அம்மையார். 1866-ல் நாசிக்கில், கிறிஸ்தவம் தழுவிய பார்சி ஒருவரின் மகளாகப் பிறந்தவர். 1892-ல் ஆக்ஸ்போர்டில் சட்டத் தேர்வு எழுதிய முதல் பெண். பட்டமோ, 1922-ல்தான் கைக்கு வந்தது. பெண்களுக்குப் பட்டமளிக்கும் வழக்கம் 1920 வரை அங்கு இருக்கவில்லை என்பதே காரணம்.

அந்நாளில் கோஷாப் பெண்கள் அந்நிய ஆடவர் முகம் பார்ப்பதில்லை. கணவனை இழந்த ஜமீன்தாரிணி, உரிமை பறிபோனாலும் எந்த வக்கீலிடம் முறையிடுவாள்? உறவினர் நீட்டிய தாளில் கைநாட்டு வைப்பதைத் தவிர வேறு வழி ஏது? அம்மையார் பல்லக்கிலும் யானை மீதும் பயணம் செய்து அந்தப்புரங்களுக்கே சென்றார். பத்திரங்களைப் படித்து விளக்கினார். அறுநூறுக்கு மேற்பட்ட பெண்களும் அநாதைச் சிறுவர்களும் அவரால் உதவி பெற்றனர். காந்தியடிகளின் இயக்கத்தை அவர் எதிர்த்தது நமக்கு உடன்பாடன்று. ஆயினும் இத்தொண்டை மறுக்க இயலாது.

இத்தனைக்கும் வழக்கறிஞர் என்ற தகுதி அவருக்கு வழங்கப்படவில்லை! பெண்களுக்கிருந்த தடையை 1923-ஆம் ஆண்டுச் சட்டமே நீக்கியது. மறு ஆண்டு கல்கத்தாவில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கியபோது அவருக்கு வயது ஐம்பத்தேழைத் தாண்டியிருந்தது. அப்போதும் வழக்குகளுக்குக் கருத்துரை எழுதும் வேலையே பெரும்பாலும் கிடைத்தது. வாதாடும் வாய்ப்பு அரிதாயிற்று. 1929-ல் ஓய்வு பெற்று இலண்டன் சென்றவர், 1954-ல் அங்கேயே காலமானார்.