துயரில் விளைந்த காதற்பா

சானெட் எனப்படும் பதினான்கடி ஆங்கிலக் காதற்பாக்களுள் பெரும்புகழ் பெற்ற ஒன்று, எலிசபெத் பேரட் பிரௌனிங் அம்மையார் இயற்றிய தொகுதியின் நாற்பத்து மூன்றாம் பாடலாகும். தம் காதலின் வகைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டும் அப்பாடல் திருமண விழாக்களில் படிக்கப்படுகின்றது. அதனால் அதனை இனிய சொல்லடுக்கு என்றே கருதுவோர் பலர். அம்மையாரின் வாழ்க்கையை அறிந்தோர் அவ்வாறு கருதார்.

அவர் 1806ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில், பன்னிரு மக்களுள் மூத்தவராகப் பிறந்தார். ஜமைக்காத் தீவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் சிந்திய வியர்வையால் திரண்டது அக்குடும்பச் செல்வம். இளமையிலேயே கிரேக்க மொழி பயின்ற அவர், மாரத்தான் போரைப் பற்றி எழுதிய நெடும்பாடலைத் தந்தையார் 1820இல் அச்சிட்டளித்தார். பதினைந்தாம் வயதளவில் பற்றிய நோய் இறுதிவரை நீங்கவில்லை. 1828இல் அன்னை மறைந்தார்.

பின்னர் உடல்நலம் நாடி டார்க்கி என்னும் கடற்கரை ஊரில் தங்கியபோது, தம் வேண்டுகோளுக்கிணங்கி உடனிருந்த அன்புத் தம்பி எட்வர்ட், 1840இல் படகு கவிழ்ந்து உயிரிழந்தார். அப்பழியைத் தம்மீதே சுமத்திக்கொண்ட அம்மையார், லண்டன் விம்போல் தெரு இல்லத்திற்குத் திரும்பியபின் அறையைவிட்டு வெளிவருவதே அரிதாயிற்று.

1844இல் வெளியான அவருடைய கவிதைகளைப் படித்து வியந்த ராபர்ட் பிரௌனிங் என்னும் கவிஞர், 1845 ஜனவரியில் மடல் எழுதினார். அவ்வாண்டு மே மாதம் நேரில் கண்டார். ராபர்ட் ஆறாண்டு இளையவர். தந்தையாரோ தம் மக்கள் எவரும் மணம்புரிதலை விரும்பாதவர். அந்நாள்களில்தான் காதற்பாக்கள் மறைவாக எழுதப்பட்டன. 1846 செப்டம்பர் 12ஆம் நாள் இருவரும் எவருமறியாது மணந்து, ஒரு வாரத்தில் இத்தாலிக்குப் புறப்பட்டனர். தந்தையார் மகளை இறுதிவரை மன்னிக்கவில்லை. மகள் எழுதிய மடல்களைப் பிரிக்கவுமில்லை.

இனி அப்பாடலை நோக்குவோம். அதன் முதல் எட்டடிகள், ஆன்மா எட்டும் எல்லைவரை காதலை அளந்து, அன்றாட வாழ்வின் அமைதியான தேவைக்கும் அதனை ஒப்பிடுகின்றன; நேர்மைக்காக முனைவோரின் உரிமையுணர்வும், புகழுக்கு நாணுவோரின் தூய்மையும் அதில் உள்ளன என்கின்றன. பின் ஆறடிகளிலோ, பழந்துயரங்களில் செலவிட்ட உணர்ச்சிவேகமும், குழந்தைப் பருவத்து நம்பிக்கையும், போற்றியவர்களோடு தொலைந்துபோனதாக எண்ணிய அன்பும் மீண்டு வருகின்றன. அன்னையையும் தம்பியையும் இழந்தவர் பாடுகின்றார் என்று உணரும்போதே அவ்வடிகளின் ஆழம் புலப்படும். இறப்புக்குப் பின்னும் நேசிக்க இறைவன் அருளவேண்டும் என்னும் முடிவும் வெற்றணியன்று. சாவை நாள்தோறும் அருகிற் கண்டவரின் வேண்டுதல் அது.

அப்பாக்களை 1849இல்தான் கணவரிடம் அவர் காட்டினார். மறுவருடம் அவை, போர்த்துக்கீசியத்திலிருந்து பெயர்த்தவை போன்ற தலைப்புடன் வெளிவந்தன. தம் அந்தரங்கத்தை மறைக்க அவர் இட்ட திரை அது. அடிமைமுறையையும், சுரங்கங்களிலும் ஆலைகளிலும் குழந்தைகளை வேலைவாங்குதலையும் எதிர்த்துப் பாடியவரும் அவரே. 1861 ஜூன் 29ஆம் நாள் ஃபிளாரன்ஸ் நகரில் கணவரின் கரங்களில் உயிர்நீத்தார்.

மாணவ நண்பர்களே! ஒரு பாடலின் சொற்பொருளை அகராதி தரும். அச்சொற்களுக்காகப் பாடியவர் கொடுத்த விலையை அவர்தம் வாழ்க்கையே உணர்த்தும்.