பந்தயக் கார் செய்த கோவைக்காரர்

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் வட்டாரத்தில் கோவில் திருவிழா வந்துவிட்டால், மாட்டு வண்டிப் பந்தயமும் வந்துவிடும்.

விடிந்ததும் சாலையின் இரு பக்கமும் கூட்டம் கூடிவிடும். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு என்று வண்டிகளைப் பிரித்து விடுவார்கள். கொடி அசைந்ததும் மாடுகள் பாயும். எல்லை போய்த் திரும்பி எந்த வண்டி முதலில் வருகிறது என்று, மரக்கிளையில் ஏறி நின்று பார்க்கிறவர்களும் உண்டு. எந்த ஊர் மாடு, யார் சாரதி, போன தடவை எங்கே முந்தியது என்பதெல்லாம் சின்னப் பையன்களுக்குக்கூட மனப்பாடம்!

மாடு நம் தொழுவத்தில் வளர்ந்தது. வண்டி நம் ஆசாரி செய்தது. அதனால் குடியானவனும் பந்தயத்தில் இறங்குகிறான்.

கார் பந்தயத்தில் இப்படி நடக்குமா? நடக்காது என்றுதான் வெகுகாலம் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நடக்கும் என்று செய்து காட்டியவர் ஒருவர். அவர்தான் கோவை எஸ்.கரிவரதன்.

ஆலைக் குடும்பம்

கரிவரதன் பிறந்தது 1954-ம் ஆண்டு. குப்புசாமி நாயுடு 1910-ல் தொடங்கிய லட்சுமி மில் குடும்பத்துப் பிள்ளை.

வசதிக்குக் குறைவில்லை. ஆலையைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருந்திருக்கலாம். ஆனால் அவருடைய மனம் எஞ்சினில் கிடந்தது. காரைக் கண்டால் ஓட்டிப் பார்க்கவேண்டும். ஓட்டினால் வேகமாக ஓட்டவேண்டும். அதோடு, அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்கவும் வேண்டும்!

பம்பும் மோட்டாரும் வார்ப்படமும் கடைசல் பட்டறையும் நிறைந்த ஊர் கோவை. ஒரு சாமான் கிடைக்கவில்லை என்றால், அதைச் செய்து பார்ப்பது அந்த ஊர்ப் பழக்கம். அந்தப் பழக்கம் கரிவரதனிடமும் ஊறியிருந்தது.

சோழவரத்துக் கூட்டம்

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் கார் பந்தயம் என்றால் சோழவரம்தான்.

சென்னைக்கு வடக்கே, கல்கத்தா போகும் சாலையில் இருக்கிறது சோழவரம். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்தது. விமானங்கள் போய்விட்டன. ஓடுதளம் மட்டும் வெயிலில் கிடந்தது. 1953-ல் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. விமானம் ஓடிய தளத்தில் கார்கள் ஓடின.

பந்தய நாள் என்றால் சென்னையிலிருந்து பஸ்ஸிலும் ஸ்கூட்டரிலும் ஜனங்கள் போய்ச் சேருவார்கள். கையில் சோற்றுப் பொட்டலம். தலையில் துண்டு. மேலே வெயில், கீழே புழுதி. காது செவிடுபடும் சத்தம். ஓடுபாதை ஓரத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கியிருப்பார்கள். வழுக்கி வரும் கார் அதில் மோதித்தான் நிற்கும்.

ரசிகர்களுக்குப் பெரிய மகிழ்ச்சி ஒன்று உண்டு. தெருவில் ஓடும் அதே அம்பாசிடர், அதே பியட், அதே ஹெரால்டு அங்கே பந்தயத்தில் பறக்கும்! மெக்கானிக் எஞ்சினைக் கூர்தீட்டி விட்டிருப்பார். சொந்தக் காரே ஓடுவது போலப் பார்க்கிறவன் துள்ளுவான்.

கடைசியில் வருவது பார்முலா கார்கள். ஒருவர் மட்டுமே உட்காரும் கார். தரையோடு தரையாக ஓடும். கையால் செய்த உள்ளூர்க் கார்கள் சில உண்டு. ஆனால் முன்னால் போவதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த கார்கள்தான்.

கரிவரதனும் சோழவரத்தில் கார் ஓட்டினார். பெயரும் பெற்றார். ரசிகர்கள் அவரைக் கரி என்றே அழைத்தார்கள்.

பணமா, திறமையா?

இங்கேதான் ஒரு சிக்கல்.

வெளிநாட்டுப் பந்தயக் காரை இறக்குமதி செய்வது லேசான காரியம் அல்ல. லைசென்சு வேண்டும். சுங்க வரி கட்டவேண்டும். ஒரு சாமான் உடைந்தால் கப்பல் வரும்வரை காத்திருக்கவேண்டும். இவ்வளவும் தாங்கக்கூடியவர் மன்னர் பரம்பரையினரும் பெரும் செல்வரும்தான்.

அப்படியானால் வைக்கோல் கட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் வாலிபன் என்ன செய்வான்? அவனுக்குத் திறமை இருக்கலாம். ஆனால் கடைசிவரை கைதட்டிவிட்டுத்தான் வீடு திரும்பவேண்டும்.

கரிவரதன் அந்தச் செல்வர் பக்கத்தைச் சேர்ந்தவர். சிக்கல் அவருக்கு இல்லை. ஆனாலும் அதைத் தீர்க்க முனைந்தவர் அவர்தான். அங்கேதான் அவருடைய பெருமை இருக்கிறது.

மாருதி எஞ்சின்

1983 டிசம்பரில் மாருதி 800 கார் விற்பனைக்கு வந்தது. மூன்று சிலிண்டர் உள்ள சிறிய எஞ்சின். 800 சி.சி.க்குச் சற்றுக் குறைவு. எடை குறைவு, விலையும் குறைவு. உதிரிச் சாமான் எங்கும் கிடைக்கும்.

குடும்பக் காருக்கு என்று வந்த அந்த எஞ்சினைக் கரிவரதன் வேறு கண்ணோடு பார்த்தார். எஞ்சினை எடுத்து, ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். இரும்புக் குழாய்களால் சட்டம் கட்டினார். மேலே கண்ணாடி இழைக் கூடு போட்டார். 1980-களின் பிற்பகுதியில், பார்முலா மாருதி என்ற பந்தயக் கார் பிறந்தது!

உலகத்தின் பெரிய பந்தயக் கார்களோடு பார்த்தால் அதன் வேகம் குறைவுதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே எஞ்சின், ஒரே மாதிரிக் கார். ஆகவே பணம் முந்த முடியாது. ஓட்டத் தெரிந்தவன்தான் முந்துவான்.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயக் களம் திறந்தது. சோழவரத்தின் காலம் முடிந்தது. புதிய களத்தில் பார்முலா மாருதி கார்கள் வரிசையாக ஓடின. இளைஞர்கள் பலர் அவற்றில் ஏறித்தான் பந்தயம் பழகினார்கள்.

அகால முடிவு

கரிவரதனுக்கு விமானம் ஓட்டுவதிலும் தீராத ஆசை உண்டு. அந்த ஆசையே அவருக்கு எமனாயிற்று. 1995-ல் நடந்த விமான விபத்தில் அவர் உயிர் பிரிந்தது. 40 வயதை ஒட்டிய காலம். செய்யவேண்டியது இன்னும் எவ்வளவோ இருந்தது. கோவை கண் கலங்கியது.

விதைத்தவர் அறுவடையைப் பார்க்கவில்லை. ஆனால் விதை வீணாகவில்லை.

பார்முலா மாருதியில் பந்தயத்தைத் தொடங்கிய கோவைப் பையன்களில் ஒருவர் நாராயண் கார்த்திகேயன். 2005-ல் அவர் உலகப் பார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டினார். அந்தப் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் அவரே!

கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-ல் ஒரு பந்தயக் களம் திறக்கப்பட்டது. அதற்குக் கரி மோட்டார் ஸ்பீடுவே என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

கீரமங்கலத்துச் சாலையோரம் மாட்டு வண்டி பார்க்க நிற்கும் பையன், நாளைக்குத் தானும் சாரதி ஆகலாம் என்று நினைக்கிறான். அது நடக்கக்கூடிய கனவு. அதே கனவைக் கார் பந்தயம் பார்க்கும் பையனுக்கும் கொடுத்துவிட்டுப் போனவர் கரிவரதன்.